பில்லிலேயே டிப்ஸ் போட்டுவிட்டு, மெஷினிலும் கேட்டால்?

கேள்வி: வேலைக்காகச் சென்னையிலிருந்து மயாமிக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. போன வாரம் அலுவலக நண்பர்கள் ஏழு பேராக லிட்டில் ஹவானாவில் ஒரு கியூப உணவகத்துக்குப் போனோம். சாப்பாடு, பானங்கள் 280 டாலர். வரி 22.40. ‘செர்விசியோ 18%’, அதாவது சர்வீஸ் சார்ஜ், என்று 50.40. ஆக 352.80. என் கார்டில் கட்டினேன். சர்வர் நீட்டிய மெஷினில் 18, 20, 25 என்று பொத்தான்கள் வந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் 20-ஐ அழுத்திவிட்டேன். மொத்தம் 423.36 போனது. அதைத் தலைக்கு 60.48 என்று பிரித்துக்கொண்டோம். சைவக்காரனான நான் சாப்பிட்டது 22 டாலருக்குத்தான். டிப்ஸ் இரண்டு முறை கொடுக்க வேண்டுமா? கூடுதலாகப் போனது திரும்பக் கிடைக்குமா?

பதில்: இரண்டு முறை கொடுக்க வேண்டியதில்லை. பில்லில் 18% ஏறியபோதே உங்கள் மேஜையின் டிப்ஸ் கணக்கு முடிந்துவிட்டது. நீங்கள் அழுத்திய 20% அதற்கு மேல் போனது. அதுவும் சாப்பாட்டு விலையான 280-க்கு அல்ல, வரியும் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்த 352.80-க்கு. அப்படித்தான் 70.56 ஆயிற்று. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 120.96 டாலர். 280 டாலர் சாப்பாட்டுக்கு 43 சதவீதம் டிப்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். தாராளமான கை என்று இந்த ஊரில் பெயர் வாங்க 20 சதவீதமே போதும், அதையும் வரிக்கு முந்தைய தொகைக்குப் போட்டால் போதும்.

மெஷினைக் குறை சொல்லாதீர்கள். எந்தத் தொகைக்குச் சதவீதம் போடுவது, என்னென்ன பொத்தான்களைக் காட்டுவது என்பதெல்லாம் கடைக்காரர் செய்து வைத்த ஏற்பாடு. பெரிய பொத்தான்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘நோ டிப்’ அல்லது ‘அதர் அமவுண்ட்’ என்று ஒன்று இருக்கும். பில்லில் சர்வீஸ் ஏற்கெனவே இருந்தால் அதைத்தான் அழுத்த வேண்டும். கூச்சமே வேண்டாம். சர்வர் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதும், நண்பர்கள் வேடிக்கை பார்ப்பதும் சேர்ந்துதான் நம் விரலை 20-க்குக் கொண்டுபோகிறது. அதனால் மெஷின் வருவதற்கு முன்பே பில்லைக் கையில் வாங்கிப் படியுங்கள். சர்வீஸ், கிராஜுவிட்டி, புரோப்பினா, இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் ஒன்றுதான். தாளில் கையெழுத்துப் போடும் கடையானால் டிப்ஸ் என்ற வரியில் கோடு போட்டு, கீழே மொத்தத் தொகையை நீங்களே எழுதிவிடுங்கள். வெற்றிடமாக விடாதீர்கள்.

தானாகச் சேரும் சர்வீஸ் சார்ஜை மெனுவிலும் பில்லிலும் அறிவிக்க வேண்டும் என்று மயாமி இருக்கும் ஃபுளோரிடா மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. அறிவிப்பார்கள்தான், மெனுவின் கடைசிப் பக்கத்தில், அடியில், மோஹீட்டோ என்கிற கியூப ரம் பானம் சிந்தி ஈரமாக இருக்கும் இடத்தில்.

மயாமியில் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். ஊரில் பாதிக் கூட்டம் வெளிநாட்டிலிருந்து வருவது. சிலேயில் பில்லில் 10% டிப்ஸ் பரிந்துரையாக வரும். கொலம்பியாவில், பிரேசிலில் வழக்கம் 10%, அதுவும் விருப்பப்பட்டால்தான். அப்படிப் பழகியவர்கள் 20% வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். அந்தப் பயத்தில் கடைக்காரர் முன்கூட்டியே பில்லில் ஏற்றிவிடுகிறார். சர்வரின் கூலி அப்படி. அமெரிக்க மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அதே 2.13! ஃபுளோரிடா பரவாயில்லை. 2025 செப்டம்பர் 30 முதல் மற்றவர்களுக்கு 14 டாலர், டிப்ஸ் வாங்குபவருக்கு 10.98. மிச்சத்தை நீங்கள் நிரப்ப வேண்டும். முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தைச் சாப்பிட வந்தவன் தலையில் கட்டிவிட்டு, அதற்கு நன்றிக்காசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. கட்டாயமாகப் பில்லில் சேர்க்கும் தொகை வரித்துறையின் பார்வையில் டிப்ஸே அல்ல, கடையின் வருமானம். முதலாளி அதைப் பிரித்துக் கொடுத்தால் சர்வருக்கு அது சம்பளம். 2025-இல் வந்த சட்டம் டிப்ஸ் வருமானத்துக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வரிக்கழிவு கொடுத்தது. அதுவும் வாடிக்கையாளர் விரும்பிக் கொடுத்த டிப்ஸுக்கு மட்டும். இதன் நுணுக்கங்கள் உங்களுக்கு வேண்டாம். மெஷினை நீட்டும்போது சர்வருக்கு ஏன் அவ்வளவு ஆர்வம் என்று தெரிந்தால் போதும். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

சரி, ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பில்லில் ஏதோ ஒரு கூடுதல் கட்டணம் இருக்கிறது என்பதாலேயே டிப்ஸ் முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள். சில கடைகள் மூன்று, நான்கு, ஐந்து சதவீதம் என்று ‘ஆபரேஷன்ஸ் ஃபீ’, ‘கிச்சன் ஃபீ’, ‘வெல்னஸ் ஃபீ’ போடுகின்றன. இவை எதுவும் டிப்ஸ் அல்ல. வாடகையோ இன்ஷூரன்ஸோ, கடைக்காரர் விலையில் ஏற்றியிருக்க வேண்டியதைத் தனிக் கட்டணமாக எழுதியிருக்கிறார். உங்களுக்குப் பரிமாறியவருக்கு அதில் ஒரு காசும் போகாமல் இருக்கலாம். அங்கே நீங்கள் வழக்கமான டிப்ஸைத் தனியாகக் கொடுக்கத்தான் வேண்டும். குழப்பம் வருவது இடைப்பட்ட கடைகளில்: 20% சர்வீஸ் சார்ஜ் என்று போட்டு, அடியில் ‘இது டிப்ஸ் அல்ல’ என்றும் எழுதியிருப்பார்கள். அப்போது சர்வரிடமே கேளுங்கள்: “இந்தப் பணம் உங்களுக்கு வருகிறதா?” வருகிறது என்றால் எழுந்து வாருங்கள். வரவில்லை என்றால் அவர் கையில் ரொக்கமாகக் கொடுங்கள், கடையின் மெஷினில் அல்ல. திரும்பவும் சொல்கிறேன், கட்டணத்தின் பெயரைப் பாருங்கள், சதவீதத்தைப் பாருங்கள். 18, 20 என்றால் பெரும்பாலும் டிப்ஸ். 3, 4 என்றால் அல்ல.

அடுத்த தடவை நண்பர்கள் சவுத் பீச்சுக்கு இழுத்தால் அங்கே ஓஷன் டிரைவ் என்கிற கடற்கரைத் தெருவில் எச்சரிக்கையாக இருங்கள். நடைபாதையில் மெனுவை விரித்துக்கொண்டு, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூப்பிடுபவர் நிற்பார். கிண்ணம் போன்ற கண்ணாடியில் மார்கரீட்டா, அதற்குள் தலைகீழாகச் சொருகிய பீர் பாட்டில் எல்லாம் வரும். விலை மட்டும் எங்கேயும் எழுதியிருக்காது. லாங்கோஸ்தா என்கிற லாப்ஸ்டருக்கு ‘மார்க்கெட் பிரைஸ்’ என்று போட்டிருக்கும். விலையை வாயால் சொல்லாத எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். மேஜை பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் இணையத் தரகர்கள் தனி ரகம். கடை இலவசமாகக் கொடுக்கும் முன்பதிவை வளைத்துப் போட்டு விற்கிறார்கள். அனுமதியில்லாத இந்த வியாபாரத்தை 2024 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்தது. உணவகத்துக்கே ஃபோன் செய்தால் முடிகிற வேலை, தரகனுக்கு எதற்குக் காசு?

பங்கு பிரித்த விஷயத்துக்கு வருவோம். 22 டாலருக்கு வரி 8, சர்வீஸ் 18 சதவீதம் சேர்த்தால் உங்கள் பங்கு 27.72. கொடுத்தது 60.48. சரிசமமாகப் பிரிப்போம் என்று முதலில் சொல்பவர் எப்போதும் மூன்று மோஹீட்டோ குடித்தவராகத்தான் இருப்பார். தனித்தனி பில் வேண்டும் என்றால் உட்கார்ந்தவுடன், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். ‘குவென்டாஸ் செபராதாஸ்’ என்றால் புரிந்துகொள்வார்கள். சாப்பிட்டு முடித்தபின் ஏழு கார்டை நீட்டினால் நிறைய கடைகளில் மறுத்துவிடுவார்கள். அப்புறம், சைவம் என்று நம்பிக் கறுப்பு பீன்ஸ் சோறு, அதாவது மோரோஸ், சாப்பிட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான். பன்றிக்கொழுப்போ பேக்கனோ போட்டுச் சமைப்பது அங்கே சகஜம். பீன்ஸ்தானே என்று விட்டுவிடாமல் கேட்டுச் சாப்பிடுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணிக்கு மேல் ஃபோன் செய்து மேனேஜரைக் கேளுங்கள். பில்லில் 18% இருந்தது, கவனிக்காமல் மறுபடி 70.56 கொடுத்துவிட்டேன், அதைக் கார்டுக்குத் திருப்ப முடியுமா என்று நேராகக் கேளுங்கள். ரசீதைப் படமெடுத்து அனுப்புங்கள். சர்வருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்று தயங்குவார்கள், பாதியைத் தருகிறேன் என்பார்கள். எவ்வளவு தாமதிக்கிறீர்களோ அவ்வளவு கடினம்.

வங்கியில் புகார் கொடுப்பது இதற்குச் சரிப்படாது. கிரெடிட் கார்டு பில்லில் பிழை இருந்தால் ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்கலாம் என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 20-ஐ அழுத்தியது நீங்கள். அதை ‘நான் கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் பொய் சொன்னவர் ஆவீர்கள். வேறு ஒன்றைச் செய்யுங்கள்: கார்டுக் கணக்கில் கடைசியாகப் பதிவான தொகை ரசீதில் உள்ள 423.36-தானா என்று பாருங்கள். ஒரு டாலர் கூடுதலாக இருந்தாலும் அப்போது தாராளமாகப் புகார் கொடுக்கலாம். கடையிலிருந்து 70.56 முழுதாக வந்தால் தலைக்கு 10.08. மற்ற ஆறு பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.