கம்ப்யூட்டர் படிக்க வந்தவனுக்கு டெக்சஸ் அரசியல் எதற்கு?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சென்னையில் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஜூன் மாதம் குடும்பத்தோடு டாலஸ் வந்திருக்கிறீர்கள், ஆகஸ்டில் அவன் கம்ப்யூட்டர் சயன்ஸ் சேரப்போகிறான், ஓரியன்டேஷனில் கொடுத்த டிகிரி பிளானைப் பிரித்துப் பார்த்தால் 120 கிரெடிட்டில் 42 கிரெடிட் வரலாறு, அரசியல், கலை, பேச்சு என்று போகிறது. "நம்ம ஊர் என்றால் முதல் வருடமே இன்ஜினியரிங் ஆரம்பித்துவிடும், இங்கே ஏன் டாலர் கொட்டி இதையெல்லாம் படிக்க வேண்டும், தப்ப வழி உண்டா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வந்து 12 மாதம் ஆகாததால் முதல் வருடம் அநேகமாக வெளிமாநிலக் கட்டணம் வேறு. வயிறு எரியத்தான் செய்யும். என் மூத்தவள் காலேஜ் சேர்ந்த வருடம் நானும் கோயிலில், கடையில், பார்க்கிற ஆளிடமெல்லாம் இதையேதான் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

முதலில் அந்த 42ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். டெக்சஸில் எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இதே 42தான், மாநிலம் வகுத்தது: கம்யூனிகேஷன் 6, கணக்கு 3, அறிவியல் 6, மொழி தத்துவம் பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, சமூக அறிவியல் 3, அப்புறம் அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்துகொள்ள 6. உங்கள் பையன் கால்குலஸும் பிசிக்ஸும் எப்படியும் படித்தாக வேண்டும், அவையே கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்ந்துவிடும். ஆக 9 போயிற்று. மீதி 33, வகுப்புக்கு 3 கிரெடிட் என்றால் 11 வகுப்பு. எட்டு செமஸ்டரில் பரப்பினால் பருவத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண் என்று நீங்கள் போட்ட கணக்கு அங்கேயே கொஞ்சம் இறங்கிவிடும்.

சரி, எதற்கு வைத்தார்கள்? இது நேற்று இன்று வந்த பணம் பறிக்கும் ஏற்பாடு இல்லை. 1869இல் ஹார்வர்டுக்குத் தலைவராக வந்த சார்ல்ஸ் எலியட் பழைய கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, மாணவன் இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். நாற்பது வருடம் அவர்தான் தலைவர். என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்: சுலபமான பாடம் எது, எந்த வாத்தியார் தாராளமாக மார்க் போடுவார், எது காலையில் சீக்கிரம் எழ வேண்டாத வகுப்பு என்று பார்த்து எடுப்பவன் எடுத்தான். 1909இல் அவருக்கு அடுத்து வந்த லோவல், ஒரு துறையில் ஆழமாகப் போ, மற்றவற்றில் பரவலாக எடு என்று இரண்டையும் கட்டாயமாக்கினார். இன்று உங்கள் கையில் இருக்கும் டிகிரி பிளானில் மேஜர் என்ற சொந்தத் துறைப் பாடம் ஒரு பக்கம், கோர் என்ற இந்தப் பொதுக் கட்டாயப் பாடம் ஒரு பக்கம் என்று இருக்கிறதே, அதன் அடிப்படை இதுதான். கொலம்பியா வேறு வழியில் போனது. முதல் உலகப் போர் முடிந்த 1919இல், எல்லாரும் ஒரே புத்தகங்களைப் படித்து ஒரே மேசையில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும் என்று ஒரு பொது வகுப்பைத் தொடங்கினார்கள், அது இன்னும் நடக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் பொதுக் கட்டாயங்களையே எடுத்துவிட்டது. நான்கு வருடம் ஒருவனுக்கு எதையெல்லாம் ஊட்ட வேண்டும் என்பதில் இவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, நூறு வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நமக்கும் இது அப்படி ஒன்றும் புதிதில்லை. நான் திருநெல்வேலிப் பக்கம் பி.எஸ்சி. கணிதம் படித்தவள். பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ இங்கிலீஷ், அலைடு பிசிக்ஸ் எல்லாம் இருந்ததே, மறந்துவிட்டோமா? இன்ஜினியரிங் காலேஜ்காரர்களுக்குத்தான் அது தெரியாது. இப்போது அண்ணா பல்கலைக்கழகமே முதல் வருட இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குத் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்று இரண்டு பாடம் வைத்திருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே எதைப் படிப்பது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். இங்கே பெட்டியை மட்டும் கொடுத்து உள்ளே எதைப் போடுவது என்று உங்கள் பையனையே முடிவு செய்யச் சொல்கிறார்கள். கோட்டை விடுவதும் அங்கேதான். 'கலை 3' என்ற பெட்டியில் இசை ரசனையும் போகும், நாடகமும் போகும், கட்டடக்கலை வரலாறும் போகும். முக்கால்வாசிப் பிள்ளைகள் சீனியரிடம் "எதுக்கு ஈஸியா ஏ கிடைக்கும்?" என்று கேட்டு அதை எடுத்துவிட்டு, அப்புறம் வீட்டில் வந்து கோர் எல்லாம் வேஸ்ட் என்று சொல்கிறார்கள்.

இதில் ஒன்றை மட்டும் அவன் ஒப்பேற்றிவிடக் கூடாது. முதல் வருட எழுத்து வகுப்பு, டெக்சஸில் பெரும்பாலும் இங்கிலீஷ் 1301 என்று வரும். என் வீட்டுக்காரரின் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் மெக்கானிக்கல் படிக்க வந்தான், எங்கள் வீட்டில்தான் முதல் வருடம். முதல் கட்டுரைக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று தலைப்பு எடுத்தான். "தண்ணீர் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது" என்று ஆரம்பித்து நாலு பக்கம், பாதி அங்கங்கே இணையத்தில் எடுத்து வார்த்தை மாற்றிப் போட்டது. ரெக்கார்டு நோட்டை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பழகிய பிள்ளை, அவனுக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. சொல்லிக்கொடுத்தது ஒரு பிஎச்டி மாணவி. இரண்டு பத்தியை வட்டம் போட்டு ஓரத்தில் "இது யார் எழுதிய வாக்கியம்?" என்று கேட்டிருந்தாள், கடைசியில் "இதில் நீ சொல்வது எது?" என்று ஒரு வரி. பையன் இரவு பதினொரு மணிக்கு அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். அவள் திருப்பி எழுத அனுமதித்தாள். மூன்றாவது தடவை எழுதியது, சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் அவன் அம்மா விடியற்காலையில் எழுந்து எந்த வரிசையில் குடம், அண்டா, நீல டிரம் என்று நிரப்புவார் என்பதில் ஆரம்பித்தது. அதே காரியத்தை மூன்றாம் செமஸ்டரில் ஒரு மேஜர் வகுப்பில் செய்திருந்தால் காப்பியடித்த வழக்காகிக் கோப்பில் ஏறியிருக்கும், எஃப்-1 பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகன் சி.பி.எஸ்.இ.யில் இங்கிலீஷில் 95 வாங்கியிருக்கலாம். அது வேறு, இது வேறு.

அடுத்து நீங்கள் குறிப்பாகக் கேட்ட அரசியல் பாடம். அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6 என்பது மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது, அதைத் தள்ளுபடி செய்யப் பல்கலைக்கழகத்துக்கே அதிகாரம் கிடையாது. வரலாற்றில் பாதிக்கு வேண்டுமானால் டெக்சஸ் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். அரசியல் இரண்டு வகுப்பு, 2305 மத்திய அரசு, 2306 டெக்சஸ் அரசு. இரண்டாவதைக் கேட்டதும் என் சின்னவளே சிரித்தாள், மாநிலத்துக்கு ஒரு முழு செமஸ்டரா என்று. 1876இல் எழுதி 500 தடவைக்கு மேல் திருத்திய அரசியல் சாசனம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள் மட்டும் கூடும் சட்டசபை, ரயில்வே கமிஷன் என்று பெயர் வைத்துக்கொண்டு எண்ணெய், எரிவாயுவைக் கட்டுப்படுத்தும் அலுவலகம் (ரயிலுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமே இல்லை), இப்படிக் கதை கதையாக வீட்டில் சொல்வாள்.

அந்த ஏப்ரலில் எங்கள் வீட்டு வரி மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தது. இங்கே மாநில வருமான வரி கிடையாது, அதற்குப் பதில் வீட்டு வரி முதுகை ஒடித்துவிடும், நீங்களும் வீடு வாங்கியதும் பார்ப்பீர்கள். வருடா வருடம் மே 15க்குள் அந்த மதிப்பை எதிர்த்துப் புரோட்டஸ்ட் போடுவது எல்லாருக்கும் ஒரு சடங்கு, நாங்கள் ஒரு ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். இவள் பழைய பில்லை எடுத்து மேசையில் விரித்து, பேனாவால் ஒரு வரியை அடிக்கோடிட்டு, "அம்மா, இதுல பெரிய பங்கு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குப் போகுது. நீங்க மதிப்போட மட்டும் சண்டை போடறீங்க, ரேட்டைப் போடறது ஸ்கூல் போர்டு, அந்த எலெக்ஷன் அடுத்த வாரம், சிட்டிஸன் ஆகி ஒன்பது வருஷத்துல ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?" என்றாள். போனதில்லை. அப்படி ஒரு தேர்தல் நடப்பதே அவள் சொல்லித்தான் தெரியும். அந்த சனிக்கிழமை நானும் அவரும் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தோம், வரிசையே இல்லை.

அதற்காக எல்லா வகுப்பும் இப்படி என்று சொல்லமாட்டேன். சில வகுப்பில் முன்னூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், வாத்தியார் அதே ஸ்லைடை வாசிப்பார், பரீட்சை முழுக்க சரியான விடையைக் குறி வகை. மேஜருக்கு ஆள் வராத துறைகள் இந்தக் கட்டாய வகுப்புகளால்தான் பிழைக்கின்றன என்று இங்குள்ளவர்களே சொல்வார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இந்த மாதிரிப் பெட்டிகளை மலிவாக முடித்துவிடுவதில் தப்பே இல்லை. கம்யூனிட்டி காலேஜில் பல்கலைக்கழகக் கட்டணத்தில் சிறு பங்குதான் ஆகும், கோடை விடுமுறையில் ஒன்றிரண்டு முடிக்கலாம், ஹிஸ்டரி 1301 என்றால் மாநிலம் முழுக்கப் பெரும்பாலும் அதே எண். அந்த நான்கு இலக்கத்தில் இரண்டாவது இலக்கம்தான் கிரெடிட், அதையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஏ.பி. (இங்கே பள்ளியிலேயே படித்துக் காலேஜ் கிரெடிட் வாங்கும் பாடங்கள்) படிக்காமல் வந்த பையன் என்பதால், வகுப்பில் உட்காராமல் எழுதித் தேறிக் கிரெடிட் வாங்கும் கிளெப் பரீட்சை இருக்கிறது, வரலாறும் மத்திய அரசுப் பாடமும் அதில் எழுதலாம். டெக்சஸ் அரசுப் பாடத்துக்கு மட்டும் அதில் தேர்வு இல்லை, அநேகமாக உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

ஆனால் இப்படி ஒரு வகுப்பில் சேர்வதற்கு முன், பாடம் தேர்வு செய்ய வழிகாட்டும் காலேஜ் அட்வைசரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மூத்தவள் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். மலிவாக இருக்கிறதே என்று ஒரு கோடையில் இரண்டு வகுப்பு எடுக்க வைத்தேன், ஒன்று காலேஜ் அல்ஜிப்ரா. கிரெடிட் மாறித்தான் வந்தது. ஆனால் அவள் இன்ஜினியரிங்குக்குக் கால்குலஸ்தான் வேண்டும், இது டிகிரியில் எங்கேயும் உட்காராமல் சும்மா எலக்டிவ் என்று தொங்கியது. "டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்று கேட்டேன், ஆகும் என்றார்கள். "என் டிகிரி பிளானில் எந்தப் பெட்டியில் போய் விழும்?" என்று கேட்டிருக்க வேண்டும்.

விசா பக்கமும் ஒன்று. அவன் இப்போது எல்-2, அதாவது எல்-1இல் வேலைக்கு வந்தவரின் குடும்பத்துக்கான விசா என்று நினைக்கிறேன். 21 வயது ஆவதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும், மாறிய பிறகு ஒவ்வொரு வழக்கமான செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும், அதில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான் கணக்கில் வரும். அதனால் எல்லா கோர் வகுப்பையும் முதல் இரண்டு வருடத்தில் அள்ளிப்போட்டு முடித்துவிடாதீர்கள். கடைசி வருடம் கடினமான மேஜர் பாடம் நாலையும் மட்டும் வைத்துக்கொண்டு பையன் முழிபிதுங்குவான், பக்கத்தில் இறக்கிவைக்க ஒரு லேசான வகுப்பு மிச்சம் இருக்காது. இரண்டு மூன்றைப் பின்னால் தள்ளிவையுங்கள். எதை என்றால் அவனுக்கே பிடித்ததை.

அட்வைசரைப் பார்க்க நீங்களும் கூடப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். காலேஜ் சேர்ந்துவிட்டால் மார்க், பதிவு எல்லாம் மாணவன் உரிமை, அவன் அனுமதி இல்லாமல் உங்களிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், ஃபீஸ் கட்டுவது நீங்களாக இருந்தாலும். நான் போன் போட்டு மூக்குடைபட்டிருக்கிறேன். அவனைத் தனியாக அனுப்புங்கள். போகும் முன் டிகிரி பிளானில் பேரையும் எண்ணையும் மறைத்து எனக்கு அனுப்பினால், எந்தப் பெட்டியில் என்ன கேட்கலாம் என்று சின்னவளிடம் கேட்டு வார இறுதிக்குள் சொல்கிறேன்.