அப்பச்சிக்குத் தை சி பழக்கலாமா?

கேள்வி: என் அப்பச்சிக்கு 72 வயது, பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய். வளவு நிலைப்படி வந்தாலே கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறார். இரண்டு முறை விழுந்தும்விட்டார். சீனப் பயிற்சியான தை சி உதவுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: உதவும் ஆச்சி. உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நிதானமாக மாற்றுவதுதான் தை சி. இந்த நோயில் தடுமாற்றம் வருவதும் அங்கேதான். அமெரிக்காவின் ஓரிகனில் 195 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. வாரம் 2 முறை, ஒரு மணி நேரம், 24 வாரம் பழகியவர்களுக்கு உடல் சமநிலை கூடியது. தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் விழுந்ததும் குறைவு.

என் ஆத்தாவுக்கு முகப்புத் தூணைப் பிடித்தபடிதான் பழக்கினேன். முதல் வாரம் தூணை இறுக்கியே விரல் வெளுத்துப்போகும். அப்புறம் ஒற்றை விரல் பட்டால் போதும் என்றானது.

தரையில் பதித்த ஆத்தங்குடிப் பூக்கல் வழுக்கும், ஈரம் கூடாது. ஆனால் கால் ஒட்டும்போது, கல்லில் உள்ள பூவைத் தாண்டச் சொல்லுங்கள்; பலருக்குக் கால் கிளம்பிவிடும். நரம்பு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், ஆள் துணையோடு தொடங்குங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.