ஓய்வுக்காலத்தில் எந்த ஊர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். எனக்கு வயது 61, மனைவிக்கு 57. மேற்குத் தாம்பரத்தில் 19,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்துக் கையில் 55 லட்சம் இருக்கிறது, பி.எஃப். பென்ஷன் மாதம் 3,200 ரூபாய் வருகிறது. மகன் பெங்களூரிலும் மகள் திருப்பூரிலும் இருக்கிறார்கள். இனிச் சென்னை கட்டுப்படியாகாது என்று முடிவு செய்துவிட்டோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் பங்காளிகளோடு பொதுவில் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் 11,000 ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை வீடு பார்த்துத் தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார். மனைவிக்குத் தென்காசிப் பக்கம் போக ஆசை. தரகர் ஒருவரோ, கோயம்புத்தூரில் 40 லட்சத்துக்கு ஒரு ஃப்ளாட் இருக்கிறது, வாங்கிவிட்டால் காலத்துக்கும் வாடகை மிச்சம் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், மேற்குத் தாம்பரம்

பதில்: தரகரின் யோசனையை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் மறுவிற்பனைக்கு வரும் வீட்டை வாங்கும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம் ஆகின்றன. முழு விலைக்கும் பத்திரம் பதிந்தால் 40 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 60 ஆயிரம். தரகுக் கூலி, மரவேலை, இடம் மாறும் செலவு ஆகியவற்றை விட்டுவிட்டாலும் உங்கள் கையில் மிஞ்சுவது 11 லட்சத்து 40 ஆயிரம்தான். அதை அப்படியே அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருந்துவரும் 8.2 சதவீத வட்டிக்கு, மாதம் சுமார் 7,790 ரூபாய் வரும். பென்ஷனையும் சேர்த்தால் ஏறக்குறைய 11,000. இதிலிருந்துதான் அடுக்குமாடியின் மாதப் பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, மளிகை, மருந்து, பேரக்குழந்தைகளைப் பார்க்கப் போகும் ரயில் டிக்கெட் அனைத்தும் நடக்க வேண்டும். அவசரத்துக்கு என்று தனியே ஒரு ரூபாயும் இருக்காது.

வாங்காமல் வாடகைக்கே போனால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அதே சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் வருகிறது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் மனைவியோடு கூட்டுக் கணக்காக 15 லட்சம் போட்டால், 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 ரூபாய். பென்ஷனோடு கூட்டினால் 32,950. ஸ்ரீரங்கத்து வாடகை 11,000 போக 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சும். தொடாத 10 லட்சம் வங்கியில் இருக்கும். சொந்த வீட்டில் 11,000 ரூபாயோடு இருப்பதா, வாடகை வீட்டில் 22,000 ரூபாயோடு இருப்பதா என்பதுதான் உங்கள் முன் உள்ள கேள்வி. வாடகை ஏறும், வட்டி ஏறாது என்று தரகர் சொல்லக்கூடும். அது உண்மைதான், ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறும் வாடகை பத்து ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். அதற்காகத்தான் அந்த 10 லட்சத்தைத் தொட வேண்டாம் என்கிறேன். பிறகு ஊர் பிடித்துப்போய்ச் சிறிய வீடொன்றை வாங்க நினைத்தால், மூத்த குடிமக்கள் திட்டத்தின் கணக்கை இடையில் முடித்துக்கொள்ளவும் வழி உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து முடித்தால் அசலில் 1 சதவீதம்தான் பிடிப்பார்கள். ஃப்ளாட்டில் போட்ட பணத்தை அப்படி எடுக்க முடியாது.

பணக்கணக்கை விடப் பெரியதாக நான் நினைக்கும் ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. நாம் எல்லோரும் ஓய்வுக்கால வீட்டை இருவருக்கு என்றுதான் பார்க்கிறோம். ஆனால் அந்த வீட்டின் கடைசிச் சில ஆண்டுகளை, பல குடும்பங்களில் பத்து ஆண்டுகளைக்கூட, ஒருவர் தனியாகவே கழிக்கிறார். வயது வித்தியாசத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் அது மனைவியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்களுக்குப் பிறகு அவருக்குக் கிடைக்கும் விதவை ஓய்வூதியம் உங்களுடையதில் பாதி, அதாவது 1,600 ரூபாய். ஆகவே ஒவ்வொரு ஊரையும் பார்க்கும்போது, எழுபத்தைந்து வயதில், வண்டி ஓட்டத் தெரியாத, முழங்கால் வலியுள்ள ஒரு பெண்மணி இங்கே தனியாக இருந்து, பால் வாங்கி, மருந்து வாங்கி, வங்கிக்குப் போய்வர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அஞ்சலகக் கணக்குகள் இரண்டையும் தொடங்கும்போதே அவர் பெயரைக் கூட்டாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்போது கிராமம். இதை எழுதும்போது என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நானும் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் கிணறும் கொல்லையுமாக ஒரு வீட்டை வாங்கிக் குடியேறினேன். முதல் வருடம் சொர்க்கம். இரண்டாம் வருட ஐப்பசியில் ஓர் இரவு, விடாத மழை, மின்சாரம் இல்லை. மனைவிக்கு மூச்சிரைப்பு வந்து நெபுலைசர் இயந்திரம் மேசைமேல் சும்மா கிடந்தது. ஆட்டோக்காரரின் எண்ணை ஓர் அட்டையில் எழுதிக் கேட்டுக்கு உட்புறமாகக் கட்டிவைத்திருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் மழையில் மை கரைந்து கடைசி இரண்டு இலக்கங்கள் அழிந்திருந்தன. 108க்குச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த நாற்பது நிமிடத்தை நான் மறக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மேல் குறையே இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் வழியில் வாய்க்கால் வழிந்து ஓடியது. மனைவி பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் இருந்து பார்த்துவிட்டு, வீட்டை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றுவிட்டு வந்தோம். கிராமத்தில் வீடு விற்பது, வாங்குவது போலச் சீக்கிரம் நடப்பதில்லை என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் கிராம வீட்டில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. பங்காளிகளோடு பொதுவில் இருக்கும் வீட்டுக்கு ஓடு மாற்றி, கழிப்பறை கட்டி, மோட்டார் போட்டு மூன்று நான்கு லட்சம் செலவழித்த பிறகுதான் அடுத்த பங்கின் வாரிசுக்கு அந்த வீட்டின் மேல் பாசம் பிறக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகும் முன் அங்கே ஒரு செங்கல்லும் வைக்க வேண்டாம். கும்பகோணம் நகரத்துக்குள்ளேயே வாடகைக்கு இருப்பது வேறு விஷயம். அரசு தலைமை மருத்துவமனையும் ரயில் நிலையமும் ஊருக்குள்ளேயே உள்ளன. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தேவைப்பட்டால் தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். கிராமத்து உறவை விடாமலும் இருக்கலாம்.

தென்காசியின் சாரலுக்கு நான் எதிரி அல்லன். ஆனி, ஆடியில் அங்கே வீசும் காற்றை அனுபவித்தவர் யாருக்கும் உங்கள் மனைவியின் ஆசை புரியும். 2019இல் தனி மாவட்டம் ஆன பிறகு அரசு அலுவலக வேலைகளுக்கும் திருநெல்வேலி போக வேண்டியதில்லை. ஆனால் பெரிய சிகிச்சை என்றால் இன்றும் பலர் 55 கிலோமீட்டர் கடந்து திருநெல்வேலிக்குத்தான் போகிறார்கள். உங்கள் பிள்ளைகள் இருவரும் இருப்பதோ பெங்களூரிலும் திருப்பூரிலும். அவசரம் என்றால் அவர்கள் வந்து சேர ஓர் இரவு முழுவதும் ஆகும். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது என்பதால், நீங்கள் அவர்களைப் பார்க்கப் போகும் செலவும் முழுக் கட்டணத்தில்தான் நடக்கும். ஆண்டுக்கு ஒரு மாதம் தென்காசியில் ஓர் அறை எடுத்துத் தங்குவது, அங்கேயே குடிபோவதைவிட மலிவு.

என் ஓட்டு திருச்சிக்கு. மாநிலத்தின் நடுவில் இருப்பதால் திருப்பூர் மகள் அரை நாளில் வந்துவிடலாம். மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை நகருக்குள் இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் பல உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது, நான் மேலே சொன்ன அந்த எழுபத்தைந்து வயதுப் பெண்மணிக்குச் சின்ன உதவி அன்று. மத்திய பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறி அவர் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் யார் தயவும் இல்லாமல் போய்வரலாம். குறைகளும் உண்டு. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும், ஏ.சி. மின்கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஏ.சி. ஓடும் வீட்டில் காணாமலே போய்விடும். வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பாலானவை 2025இல் திறந்த பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறிவிட்டதால், ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அது நகரத்தின் மறுகோடி. கோயிலை ஒட்டிய வீதிகளில் வைகுண்ட ஏகாதசியின்போது ஆட்டோ கூட நுழைய முடியாது என்பதால், வீட்டைச் சற்றுத் தள்ளி, திருவானைக்காவல் பக்கமாகப் பார்த்தால்கூட நல்லது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு அது. ஆற்றங்கரையை ஒட்டிய வீடு என்றால் வெள்ளக் காலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள்.

வீடு பார்க்கும்போது தரைத்தளமா, லிஃப்ட் உண்டா என்பதை எல்லோரும் கேட்பார்கள். குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். இரவு பத்தரை மணிக்கு அந்தத் தெருவிலிருந்து மருந்துக் கடைக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை என்றாலும், சட்டத்தைச் சொன்னால் இறங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பதினொரு மாதம் இருந்து பாருங்கள். அதற்குள் ஒரு சித்திரையும் ஓர் ஐப்பசியும் வந்துபோகும்படி குடியேறும் மாதத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் காலமாகிவிட்டார், எனக்கு வயது 68. கோயம்புத்தூரில் முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்றில் சேரலாம் என்று நினைக்கிறேன். இப்போதிருக்கும் வீட்டை மகன் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போகட்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது எழுதிவைக்க வேண்டாம். அந்தக் குடியிருப்பு உங்களுக்கு ஒத்துவராமல் போனால் திரும்பி வர ஒரு வாசல் வேண்டும். மகனுக்குச் சேர வேண்டும் என்பது விருப்பமானால் உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வீட்டை இப்போதே எழுதிக்கொடுத்துவிடும் செட்டில்மென்ட் பத்திரம்தான் என்று முடிவெடுத்தால், உங்கள் ஆயுள் வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருக்கட்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவின் கீழ், அந்த நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். உங்கள் மகன் அப்படிப்பட்டவர் அல்லர் என்பீர்கள். இருக்கட்டும், நல்ல மகன் அந்த வரியைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குடியிருப்பைப் பொறுத்தவரை, அங்கே வீட்டை விற்கிறார்களா, ஆயுள்கால வாடகை போல வைப்புத்தொகைக்குத் தருகிறார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். வைப்புத்தொகை என்றால் ஆண்டுக்கு எவ்வளவு கழிப்பார்கள், நீங்கள் வெளியேறினாலோ உங்கள் காலத்துக்குப் பிறகோ யாரிடம் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாதப் பராமரிப்பும் சாப்பாட்டுக் கட்டணமும் கடந்த மூன்று ஆண்டுகளில் எவ்வளவு ஏறின என்பதை அலுவலகத்தில் கேட்பதைவிட, சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா என்பது. தாமே நடமாடக்கூடியவர்களுக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் இடங்கள் உண்டு. அப்படியானால் மிகவும் தேவைப்படும் நாளில்தான் நீங்கள் வேறு இடம் தேட வேண்டியிருக்கும். விருந்தினர் அறையில் இரண்டு வாரம் பணம் கட்டித் தங்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: கணவருக்கு ஆஸ்துமாவும் இதய நோயும் இருக்கின்றன. கொடைக்கானலில் ஒரு காட்டேஜ் மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவு; மார்கழிக் குளிரும் மாதக்கணக்கில் நிற்கும் ஈரமும் மூச்சிரைப்புக்காரர்களுக்கு ஆகாது. இதயத்துக்கு ஏதாவது என்றால் நள்ளிரவில் மலைப்பாதை இறங்கி வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கே வர வேண்டும். மதுரையில் இருக்கிறீர்கள், பெரிய மருத்துவமனைகள் அரைமணி நேரத்தில் இருக்கும் அந்த ஊரை விட்டு ஏன் போகிறீர்கள்? வெயில்தான் காரணம் என்றால், அவருடைய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, படுக்கையறைக்கு ஒரு ஏ.சி. போடுங்கள்.