பாபநாசம் அணையும் ரெப்போ வட்டியும்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். முதுகலைப் பொருளியல் மாணவி. ஆய்வேட்டுக்காக 2012 முதல் 2024 வரை ரெப்போ வட்டியையும் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) சில்லறைப் பணவீக்கத்தையும் மாதவாரியாக எடுத்து, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவு கணக்கிட்டேன். சொல்லும்படியான தொடர்பு இல்லை. வட்டிக் கொள்கை பயனற்றது என்று முடிவு எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

எழுத வேண்டாம். காரணம் உங்கள் ஊர் ஆற்றிலேயே இருக்கிறது.

மழை குறைந்தால் பாபநாசம் அணையில் கூடுதலாகத் தண்ணீர் திறக்கிறார்கள். நல்ல மழை பெய்தால் குறைக்கிறார்கள். இதைப் பிசகில்லாமல் செய்தால் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் ஈரம் ஒரே அளவில் நிற்கும். திறந்த நீரையும் வயலின் ஈரத்தையும் எண்களாக மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் தொடர்பே தெரியாது. அணை வீண் என்று எழுதிவிடுவார். அணை ஒழுங்காக வேலை செய்ததால்தான் அந்தத் தொடர்பு மறைந்தது! பொருளியலாளர் மில்ட்டன் ஃப்ரீட்மன் இதையே வீட்டின் வெப்பத்தைச் சீராக்கும் கருவியை வைத்து விளக்கினார்.

ரெப்போவும் அப்படித்தான். 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம். மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. விலை ஏறியதால் வட்டி ஏறியது. அதன் பலன் தெரியவோ பல மாதங்கள் ஆகும்.

ஆகவே வயலின் தேவைக்காக அல்லாமல் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்த நாட்களைத் தேடுவதுபோல, வட்டி மாற்றத்தில் யாரும் எதிர்பாராத பகுதியை மட்டும் பிரித்தெடுங்கள். 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கியின் வட்டியை முடிவு செய்யும் பணக் கொள்கைக் குழு அட்டவணையில் இல்லாத கூட்டத்தில் 0.40 சதவீதம் உயர்த்தியது. அன்று கடன் பத்திரச் சந்தை அதிர்ந்ததிலிருந்து அந்தப் பகுதியை அளக்கலாம். 2023 ஜூலையில் தக்காளி விலை பணவீக்கத்தை 7.44 சதவீதத்துக்குக் கொண்டுபோனது; உணவு விலைகளைத் தனி மாறியாக வையுங்கள்.

இன்னொன்று. பணவீக்க இலக்கு 4 சதவீதம், இருபுறமும் 2 சதவீதம் வரை விலகலாம் என்று 2016இல் வகுக்கப்பட்டது. தண்ணீர் தவறாமல் வரும் என்று தெரிந்தால் உளுந்து போட்டவர் கார் நெல்லுக்கு மாறுவார். விதி மாறினால் மக்களின் நடத்தையும் மாறும், பழைய தரவில் கணக்கிட்ட கெழுக்கள் (ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்ற எண்கள்) பொருந்தாது என்று பொருளியலாளர் ராபர்ட் லூக்காஸ் 1976இல் சொன்னது இதைத்தான். ஆகவே 2016க்கு முன்னும் பின்னும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணின் கூலி விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதில்லை. விலையை அடக்கும் கருவி வீண் என்று அவசரத்தில் எழுதி அதை நாலு பேர் நம்பினால், நட்டம் அவருக்குத்தான். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் பூஜ்ஜியமே வந்தால் தயங்காமல் எழுதுங்கள். அட்டவணையை அனுப்பினால் நானும் பார்க்கிறேன்.