காலில் ரத்தக்கட்டி: ஸ்டீராய்டு எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 33. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பல வருடமாக வாய்ப்புண் வந்து வந்து போகும். கண்ணும் அடிக்கடி சிவக்கும். இப்போது இடது கால் தொடைவரை வீங்கிவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் தொடையின் பெரிய சிரையில் ரத்தக்கட்டி என்றார்கள். பெசெட் நோயாம். ஸ்டீராய்டும் அசாதயோபிரினும் தந்திருக்கிறார்கள். ரத்தக்கட்டிக்கான மாத்திரை மட்டும் போதாதா? ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது.
- வாசகி, குலசேகரம்

பதில்: போதாது, சகோதரி. தயவுசெய்து அந்த மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்.

பெரும்பாலும் நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கும், பெரிய அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும்தான் கால் சிரையில் ரத்தம் உறையும். உங்கள் கணவரோ விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடப்பவர். அவருக்கு இப்படி வந்திருப்பது பெசெட் நோயால்தான். இதில் உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தக்குழாயின் சுவரைத் தாக்குகிறது; அழற்சி கண்ட சுவரில் ரத்தம் ஒட்டி உறைந்துவிடுகிறது. இளம் ஆண்களுக்கே இது அதிகம். சுவரின் அழற்சியை அடக்காவிட்டால் மறுபடியும் அடைக்கும், வேறு சிரையிலும் அடைக்கும்.

ஸ்டீராய்டு வேகமாக அடக்கும். அசாதயோபிரினும் எதிர்ப்பு சக்தியின் இந்தத் தாக்குதலை அடக்கும் மாத்திரைதான்; ஆனால் முழுப் பலன் தர 2, 3 மாதம் ஆகும். அப்புறம் ஸ்டீராய்டை மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். ரத்த அணு, கல்லீரல் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைச் சிலருக்குச் சேர்த்துத் தருவோம். அதற்கு முன் நுரையீரல் தமனி எங்காவது புடைத்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். புடைப்பு இருக்கும்போது அந்த மருந்தைக் கொடுத்தால் அது வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். சி.டி. எடுத்தார்களா என்று கேளுங்கள்.

நம்ம மாவட்டத்தில் கால் வீங்கினால் தைலம் போட்டு உழிச்சல் செய்யச் சொல்வார்கள். அந்தக் காலில் வேண்டவே வேண்டாம்.

இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், விடாத தலைவலியோடு பார்வை மங்கல், முகமும் கழுத்தும் வீங்குதல், வயிறு உப்பி வலித்தல் - இதில் எது வந்தாலும் இரவானாலும் காத்திருக்காதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிறப்புறுப்பில் எப்போதாவது புண் வந்ததா என்றும் அவரிடம் தனியாகக் கேளுங்கள். 1937-ல் துருக்கித் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் இந்த நோயைப் பற்றி எழுதியபோதே வாய்ப்புண், கண் அழற்சியோடு அதையும் சேர்த்துத்தான் சொன்னார். ஆண்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். இது தொற்றுநோய் அல்ல, தவறான நடத்தையால் வருவதும் அல்ல என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.