ஒத்து ஊதியவரின் கன்னம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ராத்திரி வேலை முடிந்து வந்தால் உடனே தூக்கம் வராது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏதேதோ நாட்டு இசை கேட்பேன். கொஞ்ச நாளாக ஆர்மேனியாவின் டுடுக் என்ற குழல். கேட்கக் கேட்க எழுதத் தோன்றுகிறது. ஒரு ஹைக்கூ:

டுடுக் அழுகிறது
ஆர்மேனியாவின் வலி
என் நெஞ்சில் ஈரம்

எழுதும்போது நன்றாக இருந்தது, மறுநாள் படித்தால் வெறுமையாக இருக்கிறது. எங்கே தவறு? நான் போகாத ஒரு நாட்டின் இசையைப் பற்றி நான் எழுதலாமா? ஹைக்கூவின் மூன்று வரிகளுக்குச் சொல்கிற 5-7-5 அசைக் கணக்கு தமிழுக்கும் உண்டா?

இன்னொன்று, இது இசை இல்லை, சும்மா எழுதியது:

ஓவர்லாக் மெஷின் நின்றது
காதில் மட்டும்
தாளம்

(பெயர் வேண்டாம்)
ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கவிதையை மறுபடி பாருங்கள். அழுகிறது, வலி, ஈரம். மூன்று வரியிலும் நீங்கள் பட்டதுதான் இருக்கிறது. எதைக் கேட்டுப் பட்டீர்களோ அது இல்லை. படிக்கிறவன் கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள்கூட இல்லை. மறுநாள் வெறுமையாகத் தெரிந்தது அதனால்தான். முதல் நாள் இசை உங்கள் காதில் மிச்சமிருந்தது, கவிதை அதன் மேல் சாய்ந்து நின்றது.

டுடுக்கின் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆப்ரிகாட் மரத்தில் கடைவது. வாயில் வைக்கும் சீவாளி நாணலில் செய்தது, நம் நாகஸ்வரச் சீவாளி போல இரட்டை நாக்கு. பெரும்பாலும் இரண்டு பேர் ஊதுவார்கள். ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த நீண்ட சுரத்துக்கு ‘தம்’ என்று பெயர். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் இழுத்துக்கொள்வார். அறுபடவே கூடாது.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் ஒத்துக்காரர். தஞ்சைப் பக்கத்தில் சுருதிப் பெட்டி வருவதற்கு முன் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து இருக்கும். பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், வாசிப்பதற்கு விரல்துளை கிடையாது. ஒரே சுரம், விடிய விடிய. வீதியுலா முழுக்க எல்லோரும் நாயனக்காரரைத்தான் பார்ப்பார்கள். சின்ன வயதில் எனக்கு ஒத்துக்காரர் பக்கத்தில் நடக்கத்தான் பிடிக்கும். காதுக்குக் கீழே நரம்பு புடைத்து நிற்கும். பிற்பாடு ஒருநாள் இப்படி எழுதினேன்:

சாமி உள்ளே போயாச்சு
திண்ணையில் ஒத்துக்காரர்
கன்னத்தைத் தடவிக்கொண்டு

இதில் இசை ஒரு வரியிலும் இல்லை. இருந்தாலும் அந்த ராத்திரியின் இசை இதற்குள் இருக்கிறது என்று நம்புகிறேன்.

சரி, நீங்கள் எழுதலாமா? தாராளமாக எழுதலாம். ஆனால் நீங்கள் கேட்ட இடத்திலிருந்து எழுதுங்கள். நீங்கள் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் இல்லை. திருப்பூரில் ஒரு அறையில், ஹெட்போனோடு இருக்கிறீர்கள். அதை ஏன் மறைக்க வேண்டும்? பாட்டு முடிகிற இடத்தில் ஊதியவர் மூச்சு இழுப்பது சில ஒலிப்பதிவுகளில் கேட்கும். கேட்டிருப்பீர்கள்.

டுடுக் நின்றது
ஹெட்போனுக்குள்
ஊதியவரின் மூச்சு

இது உங்கள் கவிதைக்குத் திருத்தம் இல்லை, நீங்கள் வேறு மாதிரி எழுதுவீர்கள். ஆர்மேனியா என்ற பெயர்கூட இல்லாமல் அந்த மனிதர் உங்கள் காதருகே வந்துவிடுகிறார், அதைக் காட்டத்தான் எழுதினேன்.

‘ஆர்மேனியாவின் வலி’ என்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. 1915-ல் ஆர்மேனியர்கள் கொன்று குவிக்கப்பட்டதைப் பற்றிப் படித்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். அந்தத் துயரம் உண்மை. ஆனால் டுடுக் அவர்களுடைய கல்யாணத்திலும் ஊதப்படுகிறது, சாவிலும் ஊதப்படுகிறது. ஒரு வாத்தியத்தைக் கண்ணீருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டால் அதை வாசிக்கிறவர்களின் பாதி வாழ்க்கை போய்விடும். எங்கோ இருக்கும் ஒருவர் நம் பறையைக் கேட்டுவிட்டு ‘சாவின் ஓலம்’ என்று எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? டுடுக் இசையை 2005-ல் யுனெஸ்கோ மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்த அறிவிப்பு நல்லதுதான். ஆனால் கவிதைக்கு அறிவிப்பைவிட அந்தச் சீவாளியை நனைக்கும் எச்சில் முக்கியம்.

ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோ இதை எப்படிச் செய்தார் என்று சொல்கிறேன். 1689-ல் வடக்கே நடந்து போகிறார். ஷிரகவா சாவடி புகழ்பெற்ற எல்லை, கடக்கிற கவிஞர்களெல்லாம் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சுககவா என்ற ஊரில் தங்கியபோது வீட்டுக்காரர் கேட்கிறார், சாவடியைக் கடந்தபோது என்ன எழுதினீர்கள் என்று. வழிநடைக் களைப்பு, கண்ணுக்கு முன் அவ்வளவு அழகு, ஒன்றும் சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்றைக் கொடுக்கிறார். என் தமிழில்:

கவிதையின் தொடக்கமே!
வடக்கின் உள்ளூர்களில்
நடவுப் பாட்டு

பாட்டு இனிமையாக இருந்தது, சோகமாக இருந்தது என்று ஒரு சொல் இல்லை. எல்லோரும் பாடிய எல்லைச் சாவடியை விட்டுவிட்டு, சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவர்களின் குரலை எடுத்து, கவிதை அங்கேதான் தொடங்குகிறது என்று வைத்துவிட்டார். ஹிரோஷிமா பக்கம் மிபு என்ற ஊரில் இன்றும் ஜூன் மாதத்தில் மாடுகளை அலங்கரித்து, முரசும் குழலும் முழங்க, பெண்கள் பாடிக்கொண்டே நடுகிறார்கள். அந்தச் சடங்கு 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஜப்பானிய மரபில் நடவுப் பாட்டு கோடைக்கான பருவச்சொல். அந்த ஒரு சொல்லே வெயில், தண்ணீர், வேலை எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். இது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று வரிசை வைத்து, அதே வரிசையில் பறையையும் யாழையும் சேர்க்கிறது. எந்த நிலத்துக்கு எந்தப் பறை என்று பின்னால் வந்த இலக்கண நூல்களும் உரைகளும் பெயர் சொல்கின்றன: குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட் பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட் பறை, பாலைக்குத் துடி. பறையின் பெயரிலேயே தொழில் இருப்பதைப் பாருங்கள். ஏறு பிடிக்க ஒன்று, நெல் அறுக்க ஒன்று. இசையை நிலத்திலிருந்தும் வேலையிலிருந்தும் பிரித்துப் பார்க்காத ஒரு பழக்கம் நம்மிடம் இருந்திருக்கிறது. பிற நாட்டு இசையைக் கேட்கும்போதும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இது எந்த மரம், யார் கை, என்ன வேலைக்கு நடுவே வந்த பாட்டு என்று தேடுங்கள். அப்புறம் எழுதுங்கள்.

5-7-5 பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜப்பானியர்கள் எண்ணுவது நம் அசையை அல்ல. நெடில் வந்தால் அவர்களுக்கு இரண்டு, கிட்டத்தட்ட நம் மாத்திரை மாதிரி. ‘டோக்கியோ’ அவர்கள் கணக்கில் நான்கு. அதைத் தமிழில் எண்ணிக்கொண்டிருந்தால் வேண்டாத சொல்லைத் திணிக்க நேரும். மூன்று வரி, நடுவில் எங்கோ ஒரு வெட்டு, ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடம். அது போதும்.

இசை இல்லை என்று ஒதுக்கினீர்களே, அந்தக் கவிதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நெல்லரிகிணையின் பக்கத்தில் வைக்கத்தக்கது. எட்டு மணி நேரம் கேட்ட சத்தம் நின்ற பிறகும் உடம்பில் ஓடுவதை நீங்கள் அங்கே இருந்ததால்தான் எழுத முடிந்தது. ஒரே ஒரு யோசனை: ‘மட்டும்’ வேண்டாம், அது விளக்கம் சொல்கிறது. ‘தாளம்’ என்பதும் முடிவை முன்பே சொல்லிவிடுகிறது. மெஷின் நின்ற அந்த நிமிஷத்தில் உங்கள் விரல் என்ன செய்துகொண்டிருந்தது? மேஜையில் தட்டிக்கொண்டிருந்ததா, நூலைப் பிய்த்துக்கொண்டிருந்ததா? அதை எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.