எடை மீண்டும் ஏறுகிறது: இரண்டாவது அறுவைக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. உயரம் 158 செ.மீ. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 108 கிலோ இருந்தபோது, எடையைக் குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டேன். ஓராண்டில் 74 கிலோவுக்கு வந்தேன். கடந்த எட்டு மாதங்களில் 80 கிலோ ஆகிவிட்டது. காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சாதம், இரவில் ஒரு தோசை. இதற்கு மேல் சாப்பிட முடிவதில்லை. முடியும் கொட்டுகிறது. அப்போது மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுத்தவர், ‘இரைப்பை விரிந்துவிட்டது, பைபாஸாக (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை) மாற்ற வேண்டும்; இந்த மாதத்துக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்டினால் சலுகை உண்டு’ என்கிறார். கட்டலாமா?

பதில்: சகோதரி, கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம். ‘இந்த மாதத்துக்குள்’ என்ற கெடுவைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. எடை ஏறியதற்காக மாதக் கடைசிக்குள் செய்தாக வேண்டிய அறுவை என்று ஒன்று கிடையவே கிடையாது. தள்ளுபடிக்கு நாள் குறிப்பவருக்கு உங்கள் வயிற்றைப் பற்றிக் கவலை இல்லை. தன் கமிஷனைப் பற்றித்தான் கவலை.

இரைப்பை விரிந்துவிட்டது என்று தொலைபேசியில் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. பல ஆண்டுகளாக இதே அறுவைகளைச் செய்துவரும் என்னாலும் முடியாது. பேரியம் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது சி.டி. ஸ்கேனில் அளக்க வேண்டும், எண்டோஸ்கோபி விட்டுப் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஒருவர் உங்களுக்கு நோயும் சொல்லி, அறுவையும் சொல்லி, விலையும் சொல்கிறார் என்றால் அவரிடமிருந்து விலகியிருப்பதே நல்லது.

இப்போது அந்த ஆறு கிலோவுக்கு வருவோம். நீங்கள் இழந்தது 34 கிலோ. அதில் 28 கிலோ இன்னும் திரும்பவில்லை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை எடை இறங்கும். பிறகு ஓரளவு ஏறுவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். இந்த உண்மையை அறுவைக்கு முன்பே உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆய்வு, உடல் பருமனுக்கு அறுவை செய்துகொண்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் பார்த்தபோது அது 25 சதவீதமாக இருந்தது. உங்களுக்கு விற்கப் பார்க்கும் அதே பைபாஸிலும் எடை கொஞ்சம் திரும்பத்தான் செய்தது. உங்கள் இழப்பு இன்றைய கணக்கில் ஏறக்குறைய 26 சதவீதம். பத்தாம் ஆண்டில் இந்த எண் இருந்தால் மகிழ்ந்திருப்பேன். இரண்டாம் ஆண்டிலேயே இங்கு வந்திருப்பதால் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குக் கத்தி தேவையில்லை.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறோம். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்தான் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெருமளவு உண்டாகும் பகுதியும் வெட்டியதோடு போய்விடுகிறது. அதனால்தான் முதல் ஆண்டில் தட்டைப் பார்த்தாலே போதும் என்றிருந்திருக்கும். அதன்பின் பசி மெல்லத் தலைகாட்டும். குழாயும் சற்று நெகிழும். அது இயல்பு; அதை மட்டும் வைத்து மறு அறுவை செய்வதில்லை. எடை குறைந்த உடலோ முன்பைவிடக் குறைந்த உணவிலேயே காலத்தை ஓட்டிவிடும்.

இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாய் கெட்டியான உணவைத்தான் நிறுத்திவைக்கும். வழுக்கிக்கொண்டு போவதை அதனால் நிறுத்த முடியாது.

உங்களைப் போலவே ‘கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன்’ என்று கண் கலங்கிய ஓர் அம்மாவை, மதியச் சாப்பாட்டை என் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அவித்த முட்டை ஒன்று, ஒரு பிடி சாதம், கீரைக் கூட்டு. பாதி முட்டையும் இரண்டு கரண்டி சாதமும் உள்ளே போவதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொண்டே மூடி வைத்துவிட்டார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. கைப்பையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தயங்கித் தயங்கி எடுத்தார்: ரப்பர் பேண்ட் போட்டு மடித்த மிக்சர் பாக்கெட், பாதி காலி. ‘இது சாப்பாட்டில் சேராதே டாக்டர், சும்மா வாயில் போட்டுக்கொள்வதுதானே’ என்றார்.

முட்டை இறங்காத வயிற்றில் மிக்சர் எப்படி இறங்கியது? வாயிலேயே பொடியாகி, ஒரு மிடறு காபியில் கரைந்து, எங்கும் நிற்காமல் போய்விடுகிறது. 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. டிபன் பாக்ஸைக் காலி செய்திருந்தாலும் அவருக்கு அவ்வளவு சேர்ந்திருக்காது. அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. அறுவை முடிந்த முதல் வாரங்களில் ‘மென்மையான உணவு மட்டும்’ என்று எழுதிக்கொடுத்த எங்கள் ஆட்கள், அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கஞ்சியும் ரஸ்க்கும் பழச்சாறும் அவருக்குப் பழகிப்போயிருந்தன.

உங்கள் கடிதத்தில் மூன்று வேளைக் கணக்கு இருக்கிறது. காலை பதினொரு மணி இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு என்ன வருகிறது? யாருடைய பிறந்தநாள் இனிப்பு? மாலை வீடு திரும்பியதும் டீயோடு என்ன? தண்ணீர் தவிர வாயில் படும் எல்லாவற்றையும் ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். சாதத்தில் ரசத்தை நிறைய விட்டுக் கரைத்து விழுங்குகிறீர்களா என்பதையும் எழுதுங்கள். தொண்டையில் அடைக்கிறது என்று பலரும் இதைச் செய்கிறார்கள். கெட்டிச் சாப்பாட்டையும் வழுக்கும் சாப்பாடாக மாற்றும் வேலை இது. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு உண்டு. நீங்கள் சொல்லும் இரண்டு இட்லியில் கிடைப்பது நான்கு கிராம் வந்தால் அதிகம். காலையில் நான்கு, இரவு தோசையில் இன்னொரு மூன்று நான்கு. மீதியை மதியச் சாதம் கொடுக்கப் போவதில்லை. தட்டில் முதலில் முட்டை, மீன், கோழி, பன்னீர், சுண்டல், மீல் மேக்கர் இவற்றில் ஏதாவது ஒன்று. அடுத்து காய். இடம் இருந்தால் கடைசியில் சாதம். இந்த வரிசையை மாற்றினாலே பலருக்கு மாலைப் பசி அடங்கிவிடுகிறது. தினமும் நடங்கள், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதில் தொடங்கினால் போதும்.

முடி விஷயம் தனி. அறுவை முடிந்த மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொட்டினால் அது தானாக நின்று, திரும்ப வளரும். இரண்டு ஆண்டு கழித்துக் கொட்டுவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின், தைராய்டு ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். அறுவைக்குப் பிந்தைய சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதற்கும் உரியவை. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். கால்சியத்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். முடிக்கென்று பயோட்டின் மாத்திரையை யாராவது தலையில் கட்டியிருந்தால், ரத்தம் கொடுக்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டிவிடும்.

அந்த ஏஜென்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர்கள் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்ற பெயரில் வருகிறார்கள். முதலில் அறுவை, அடுத்து புரதப் பவுடர் டப்பா, அடுத்து முடி மாத்திரை, கடைசியில் மறு அறுவை. முன்பணம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் அடுத்ததாக எடை குறைக்கும் ஊசியைப் பற்றிப் பேசுவார், பாருங்கள். செமாக்ளுடைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகள் நல்ல மருந்துகள்தாம். அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கு நானும் எழுதுகிறேன். ஆனால் அவை மருத்துவர் சீட்டில் வாங்க வேண்டியவை, குளிர்பதனத்தில் வைக்க வேண்டியவை. கூரியரில் வரும் ஊசியைத் தொடாதீர்கள். ரசீதும் மருத்துவர் கையெழுத்தும் இல்லாத எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். ஜி-பே-யில் தனிநபர் எண்ணுக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

இவர்கள் தழைப்பதற்கு நாங்களும் காரணம். பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35-க்குக் குறையாமலிருந்து கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால் காப்பீட்டு நிறுவனம் இந்த அறுவைக்குப் பணம் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் விதி சொல்கிறது. நல்ல விதி. ஆனால் அறுவை அரங்கை விட்டு வெளியே வந்தபின் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் மாத்திரைக்கும், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கும், உணவியல் ஆலோசனைக்கும் பெரும்பாலான பாலிசிகளில் ஒரு ரூபாய் கிடையாது. மருத்துவமனையும் ஓராண்டுக்குப் பின் கூப்பிடுவதில்லை. அறுவை நாளில் ஆறு பேர் சுற்றி நின்றோம். இரண்டாம் ஆண்டில் உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டது ஏஜென்ட் மட்டும்தான். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஸ்லீவை பைபாஸாக மாற்றவே கூடாதா என்று கேட்டால், மாற்றுவோம், நெஞ்செரிச்சலுக்காக மாற்றுவோம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எடையைப் பற்றிய பேச்சில் இதை யாரும் கேட்பதில்லை. ஸ்லீவ் குழாய்க்குள் அழுத்தம் அதிகம். அதனால் சிலருக்கு அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வந்து எழுப்புகிறதா? தலையணையை உயர்த்திப் படுக்கிறீர்களா? காரணமில்லாத இருமல், காலையில் குரல் கம்மல் உண்டா? அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போட்டும் அடங்கவில்லையா? ஆம் என்றால் எடை எவ்வளவு என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் அமிலம் பட்டால் உணவுக்குழாயின் உட்சவ்வு மாறிவிடும்; அந்த மாற்றம் பின்னாளில் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கக்கூடும். அத்தகைய நிலையில் பைபாஸாக மாற்றுவது சரியான சிகிச்சை, நானே செய்திருக்கிறேன். ‘எடை குறையத்தான் செய்கிறது, எரிச்சலைப் பொறுத்துக்கொள்கிறேன்’ என்று இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. எரிச்சல் இல்லாதவர் வெறும் ஆறு கிலோவுக்காக அதே அறுவைக்குப் படுப்பதும் தவறு. மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது. தையல் கசிவு போன்ற ஆபத்துகளும் அதில் கூடுதல்.

கடைசியாக ஒரு வேலை. இதை இந்த வாரமே செய்யுங்கள். உங்களுக்கு அறுவை செய்த மருத்துவமனையின் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி, அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், அறுவைக்கு முந்தைய எண்டோஸ்கோபி அறிக்கை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. அதே விதிகளின்படி மூன்று ஆண்டுகள் வரைதான் அவற்றைப் பாதுகாக்கும் கடமை இருக்கிறது. உங்களுக்கு இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. ஏஜென்ட் மூலமாகக் கேட்காதீர்கள். நீங்களோ உங்கள் கணவரோ நேரில் போய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள்களோடும், ரத்தப் பரிசோதனை முடிவோடும், ஏழு நாள் நோட்டோடும் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கோ, உங்களுக்கு நம்பிக்கையான வேறொரு அறுவை மருத்துவரிடமோ போங்கள். வாரம் ஒருமுறை ஒரே கிழமையில், காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். நோட்டு எழுதத் தொடங்கி மூன்று மாதம் கழித்தும் 80-இலிருந்து கீழே வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.